சின்ன எஞ்சினும் டர்போவும்: 1200 சிசி கோட்டின் கதை

கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" அடுத்தது "எத்தனை சிசி?" சிசி கூடினால் சக்தியும் கூடும் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு இப்போது உதைக்கிறது. அம்பாசடர் டீசல் காரில் இருந்தது 1489 சிசி எஞ்சின். அதன் சக்தி சுமார் 37 குதிரைத்திறன்தான். 2013-ல் இந்தியாவுக்கு வந்த போர்டு ஈகோஸ்போர்ட்டின் ஈகோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சின் வெறும் 999 சிசி. சக்தியோ 125 குதிரைத்திறன்!

இந்த வித்தையைச் செய்தது டர்போ. ஆனால் இந்தியாவில் சின்ன டர்போ எஞ்சின்கள் இவ்வளவு பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பட்டறையில் பிறந்ததல்ல, பட்ஜெட்டில் பிறந்தது. அந்த பட்ஜெட்டை வாசித்தவர் செட்டிநாட்டுக்காரர்.

டர்போ என்றால் என்ன?

கொல்லன் உலையில் துருத்தி ஊதினால் நெருப்பு எப்படி எழும்புகிறதோ, அதே தத்துவம்தான். எஞ்சினுக்குள் அதிகக் காற்றை அடைத்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம், அதிக சக்தி கிடைக்கும். டர்போவின் சாமர்த்தியம், துருத்தியை ஊதத் தனியாக ஆள் வேண்டாம் என்பதுதான். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும்.

ஆரம்ப கால வரலாறு

இதற்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் ஆல்ப்ரெட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர். 1920-களில் கப்பல்களின் பெரிய டீசல் எஞ்சின்களில் இது பயனுக்கு வந்தது. காருக்கு வந்தது 1962-ல்தான். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர், செவ்ரலே கோர்வேர் ஆகிய இரண்டும் அந்த ஆண்டு டர்போவுடன் வந்தன.

ஜெட்பயரின் கதை சுவையானது. எஞ்சினுக்குள் எரிபொருள் நேரம் தவறி வெடிக்காமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். தொல்லை தாங்காமல் பல கார்களில் டர்போவையே கழற்றி விட்டார்கள். இரண்டே ஆண்டில் அந்தக் கார் நின்றுபோனது. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஸ்வீடனின் சாப் 99 டர்போ போன்ற கார்கள் அன்றாட ஓட்டத்துக்கும் டர்போ ஏற்றது என்று காட்டின.

2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் கரியமில வாயுவுக்கு உச்சவரம்பு சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு "எஞ்சினைச் சுருக்கு, டர்போ வை" என்பதே அங்கே தாரக மந்திரம் ஆனது. ஈகோபூஸ்ட் அந்த அலையில் வந்ததுதான்.

கானாடுகாத்தானும் 2006 பட்ஜெட்டும்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கானாடுகாத்தானில் பிறந்தவர் ப. சிதம்பரம். 2006-ல் அவர் சிவகங்கை எம்.பி., நாட்டின் நிதியமைச்சர். அந்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று வாசித்த பட்ஜெட்டில் சிறிய கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி தாண்டக் கூடாது.

இந்தியாவைச் சிறிய கார் உற்பத்தியின் மையமாக்குவது நோக்கம். அது வீண்போகவில்லை. ஹூண்டாய் ஐ10 சென்னை அருகே தயாராகிப் பல நாடுகளுக்குக் கப்பல் ஏறியது. கூடவே கம்பெனிகளின் அளவுகோலும் மாறியது. 1298 சிசி இருந்த ஸ்விப்ட் பெட்ரோல் எஞ்சின் 2010-ல் 1197 சிசி ஆனது. ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3999 மில்லிமீட்டர், 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ 3995! வரிக்கோட்டுக்கு ஒரு விரல்கூட வெளியே போகவில்லை.

முதலில் லாபம் பார்த்தது டீசல்தான். 2007-ல் ஸ்விப்ட்டில் வந்த பியட்டின் 1248 சிசி டர்போ டீசல் எஞ்சின் டிசையர், இண்டிகா விஸ்டா, பூன்டோ என்று ஊரெல்லாம் ஓடியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தது. சிறிய டீசல் எஞ்சினைச் சுத்தப்படுத்தும் செலவு கட்டுப்படியாகாமல் மாருதி டீசலையே கைவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தது பெட்ரோல் டர்போ. வென்யூவின் 998 சிசி (120 குதிரைத்திறன்), ஒரகடத்தில் தயாராகி 2020 டிசம்பரில் வந்த நிசான் மேக்னைட்டின் 999 சிசி (100 குதிரைத்திறன்) இரண்டும் அப்போது தமிழ்நாட்டில் தயாரானவையே.

நன்மைகள்

1. எஞ்சின் சிறியது, எடை குறைவு. நிதானமாக ஓட்டினால் பெட்ரோல் மிச்சம்.
2. குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை. நாலு பேர், சாமான், ஏசி எல்லாம் இருந்தாலும் திணறாது. சென்னையிலிருந்து திருவிழாவுக்குச் செட்டிநாடு வரும் நெடுஞ்சாலைப் பயணத்தில் லாரியை முந்துவது சுலபம்.
3. பெரிய எஞ்சின் சக்தி, சின்ன எஞ்சின் வரி.

தீமைகள்

1. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் டர்போ சுற்றி எழ ஒரு நொடி பிடிக்கும். நெரிசலான கடைவீதியில் இது எரிச்சல் தரும்.
2. விரட்டி ஓட்டினால் மைலேஜ் சரிந்துவிடும். விளம்பர மைலேஜ் ஆய்வுக்கூட மைலேஜ்தான்.
3. சூடு அதிகம். நல்ல ஆயிலை நேரம் தவறாமல் மாற்ற வேண்டும். வேகமாக ஓடி வந்ததும் உடனே அணைக்காமல் சற்று நேரம் ஐடிலில் விடுவது நல்லது. இல்லாவிட்டால் டர்போவின் அச்சில் ஆயில் கருகும்.
4. உதிரி பாகங்கள் கூடுதல். டர்போ கெட்டால் மாற்றும் செலவு கையைக் கடிக்கும். சிற்றூர் மெக்கானிக் எல்லோரும் இதில் கை வைக்க மாட்டார்கள்.

வரி எதை அளக்கிறது?

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் இதே கோடு தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருக்கும் காருக்கு 18 சதவீதம், வெளியே இருக்கும் பெட்ரோல், டீசல் காருக்கு 40. 2006-ல் 8 புள்ளியாக இருந்த இடைவெளி இன்று 22.

இங்கேதான் யோசிக்க வேண்டும். 4 மீட்டருக்குள் டர்போ இல்லாத எளிய 1300 சிசி காரை இன்று ஒரு கம்பெனி செய்தால் அதற்கு 40 சதவீதம். 120 குதிரைத்திறன் கொண்ட 998 சிசி டர்போவுக்கு 18. எது அதிகம் பெட்ரோல் குடிக்கிறது, எது அதிகம் புகை விடுகிறது என்று வரி கேட்பதில்லை, சிலிண்டரின் கொள்ளளவை மட்டும் கேட்கிறது. ஏழை, நடுத்தரக் குடும்பத்துக்காகப் போட்ட சலுகையில் பத்து லட்ச ரூபாய்க்கு மேல் விற்கும் டர்போ கார்களும் நுழைந்துவிட்டன. அதற்காகக் கோடு போட்டதே தவறு என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்தியச் சாலைகளில் கார்கள் சிறியதாக இருக்கின்றன, தொழிற்சாலைகளுக்கு வேலையும் வந்தது. ஆனால் கார் மாறிய அளவுக்குக் கோடு மாறவில்லை.

மின்சாரக் காருக்கு சிசியே கிடையாது. அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அந்தக் காரின் உயிரான பேட்டரி பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது. சிசி கணக்குக்கு முடிவு கட்டுவதிலும் செட்டிநாட்டுக்குப் பங்கு இருக்கும் போலிருக்கிறது.

அதுவரை கார் வாங்குபவர் வரிச் சலுகையை மட்டும் பார்க்காமல் தன் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். மாதம் இரண்டு முறை திருச்சி, மதுரை என்று நெடுந்தூரம் போகிறவருக்கு டர்போ நல்ல துணை. ஊருக்குள்ளேயே பள்ளிக்கூடம், சந்தை என்று சுற்றுகிறவருக்கு டர்போ இல்லாத சாதாரண எஞ்சினே போதும், செலவும் குறைவு.