இராவணனும் கங்காணியும்: மலையகத்தில் எதிர்நாயக விருப்புப் பற்றிச் சில குறிப்புகள்

காவிய நாயகனை மதிக்கும் வாசகர் எதிர்நாயகனை விரும்புவது உலக இலக்கியங்கள் பலவற்றிற் காணப்படும் விந்தையாகும். இறைவனின் நீதியை நிலைநாட்டப் புகுந்த மில்ற்றன் தன்னை அறியாமலே சாத்தானின் கட்சியில் நின்றுவிட்டான் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிளேக் கூறினான். வங்கத்திலே மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இல் மேகநாதனின் வதையைக் காவியமாக்கியபொழுது, வென்ற இராமனின் சேனையைவிடத் தோற்ற இலங்கையே அவரது நெஞ்சைக் கவர்ந்தது. சீதையைத் தீண்டாது, அவளிருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்லும் இராவணனைப் படைத்த எமது கம்பனும் தன் எதிர்நாயகனின் பெருமையிற் குறைவைத்தான் அல்லன். இன்று பல்கலைக்கழக மாணவர் கைகளிற் காணப்படும் ஆங்கில அதீதக் கற்பனைப் பெருங்கதைகளும் இதற்கு விலக்கல்ல. அவற்றைப் படித்தோர் கூடுமிடத்து நாயகனைப் பற்றிய பேச்சுச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கொடியவர்களுள் எவன் சிறந்தவன் என்ற வாதமோ இரவு நெடுகிலும் நீள்கிறது.

நன்மை ஒருபடித்தானது, தீமை பல முகங்கொண்டது. ஆகவே எதிர்நாயகன் சுவையானவன் என்பதே இதற்கு வழமையாகக் கூறப்படும் விளக்கம். இது பொய்யென்று நாம் கூறவில்லை. ஆயின், ஒரே கொடியவனை ஒரு கூட்டத்தார் கொண்டாடவும் இன்னொரு கூட்டத்தார் கண்டும் காணாது விடவும் காரணம் யாது என்ற வினாவுக்கு இவ்விளக்கத்தில் விடையில்லை. கொடியவனை விரும்புவதற்கும் ஒரு சமூக நிலை வேண்டும் என்பதே எமது கருத்து. இதனை ஆராய்வதற்கு இராவணன் சீதையைச் சிறைவைத்ததாகக் கருதப்படும் நுவரெலியா மலைகளைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

நுவரெலியாவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பாதையிற் சீதா எலிய என்னும் இடத்தில், ஓடைக்கரையிலே சீதையம்மன் கோயில் அமைந்துள்ளது. ஓடைப் பாறையிற் காணப்படும் குழிகள் அனுமனின் அடிச்சுவடுகள் என்பர். அவ்வட்டாரத்து மண் கறுத்திருப்பது அனுமன் இட்ட தீயினால் என்பர். அதற்கப்பால் உள்ள ஹக்கல பூங்காவே அசோகவனம் எனப் பயணிகளுக்குக் காட்டப்படுகிறது. அப்பூங்காவை ஆங்கிலேயர் 1861இல் அமைத்தது சிங்கோனாவைப் பயிரிட்டுப் பரிசோதிப்பதற்காகும். காய்ச்சலுக்கான கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்தே பெறப்பட்டது. இவ்வாறு அசோகவனமும் குடியேற்றவாதத்தின் பயிர்ச்சோதனை நிலையமும் ஒரே நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. காவியத்தின் புவியியலைப் பெருந்தோட்டத்தின் புவியியலிலிருந்து பிரித்துப் பார்ப்பது இங்கு எளிதன்று.

இராவணனைப் போற்றியோர் யாவர்? சைவ மரபில் அவன் பழிக்கப்பட்டவனாக மட்டும் இல்லை. சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலிற் பெரும்பாலும் அவனை நினைவுகூர்கிறார். கயிலையைப் பெயர்க்க முயன்று நசுங்கிய அவன் இசைபாடி அருள்பெற்றவனும் ஆகிறான். திருகோணமலையில் இராவணன் வெட்டும், அவன் தன் தாய்க்குக் கிரியை செய்ததாகக் கூறப்படும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் இம்மரபின் ஈழத்துச் சான்றுகள். சொந்த நிலமும் கோயிலும் உடைய மக்கள் தம் நிலத்தின் தொன்மைக்குச் சாட்சியாக அவனை அழைத்தனர்.

திராவிட இயக்கத்தின் இராவணன் வேறானவன். 1943இல் அண்ணாதுரை கம்பராமாயணத்தை எதிர்த்து அறிஞரோடு வாதிட்டார். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் விடுதலை பெற்றது. எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் சென்னை அரசினை 1954இல் நாடகச் சட்டம் ஒன்றையே இயற்றவைத்தது. இவற்றுள் எமக்கு முக்கியமாகத் தோன்றுவது அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’. இரக்கமற்றவன் என்று கம்பன் தீர்த்த வழக்கு அதில் மறுவிசாரணைக்கு வருகிறது; இரக்கமற்ற தேவரையும் முனிவரையும் எதிர்நாயகன் ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டுகிறான். பிராமண மேலாதிக்கத்தை எதிர்த்த இடைநிலைச் சாதியினரின் எழுச்சி, வாதாடத் தெரிந்த ஒரு கொடியவனை வேண்டி நின்றது. வாதாடுவதற்கு மேடையும் அச்சுக்கூடமும் சட்டசபையும் அவர்களுக்குக் கிட்டக்கூடியனவாக இருந்தமையை மறத்தலாகாது.

சிங்கள மரபில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் வியப்பூட்டுவது. மகாவம்சம் இராவணனை அரசர் வரிசையிற் சேர்க்கவில்லை. காலத்தாற் பிந்திய இராஜாவலிய, அவனுடைய கொடுமையால் நாட்டின் ஒரு பகுதியைக் கடல் கொண்டதாகக் கூறுகிறது. இருபதாம் நூற்றாண்டில் ஹெல இயக்கத்தின் வழிவந்த அரிசென் அஹுபுது போன்றோரின் கையில் அவன் சக்கரவர்த்தியானான். 2019இல் விண்ணிற்குச் சென்ற இலங்கையின் சிறு செய்மதிக்கு ‘ராவணா-1’ என்று பெயரிடப்பட்டது. கடல்கோளுக்குக் காரணமான பாவி, ஒரு தேசியவாதத்தின் விண்வெளி முன்னோடியாக மாறுவதற்குச் சில தலைமுறைகளே போதுமாயின.

சைவரும் திராவிட இயக்கத்தினரும் சிங்களத் தேசியவாதிகளும் தத்தம் இராவணனை உரிமைகொண்டாடிய இக்காலத்தில், அவன் மலைகளிலே வாழ்ந்து உழைத்த தோட்டத் தொழிலாளர் யாரைத் தெரிந்தனர்? மலையகத்தின் கூத்துகளுள் முதன்மை பெறுவன காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றுமாகும். இராவணன் நாயகனாகும் கூத்து இவற்றுள் இல்லை. அவன் பெயரால் வழங்கும் மலையிற் கோயில் கொண்டிருப்பவளோ சீதை. கடலுக்கு அப்பாலிருந்து கொண்டுவரப்பட்டு, தனதல்லாத தோட்டமொன்றிற் காவலின்கீழ் வைக்கப்பட்டவள் அவள். லயக் காம்பராவில் வாழ்ந்து, பிரட்டுக்குப் பெயர்கொடுத்து, கொழுந்து குறைந்தால் அரைப்பேர் பெற்ற பெண்களுக்கு இக்கதையின் பொருளை வியாக்கியானகாரர் வந்து விளக்க வேண்டியிருந்திராது. இதனை நிறுவுவதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்போர் கேட்கலாம். வழிபாட்டின் தெரிவும் ஒரு சான்றே என்பது எமது நிலைப்பாடு.

காமன் கூத்து இதனை மேலும் தெளிவாக்குகிறது. மாசி வளர்பிறையிற் காமன் கம்பம் நட்டுத் தொடங்கி, பௌர்ணமியையொட்டிக் காமதகனத்தோடு உச்சமடையும் இக்கூத்து, தப்பின் ஒலியோடு தோட்டம் முழுவதையும் திடலுக்கு இழுத்துவிடும். தவத்தைக் கலைக்குமாறு ஏவப்பட்ட காமன் மறுக்கவியலாது செல்கிறான், நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகிறான். கதையின் மையம் அவன் வீரமன்று, இரதியின் புலம்பலே. இங்கே எதிர்நாயகன் எங்கே? ஏவியவர் தேவர், எரித்தவன் வணக்கத்துக்குரிய சிவன். கட்டளையை நிறைவேற்றியவன் அழிகிறான், கட்டளையிட்டவர் தப்புகின்றனர், தண்டித்தவரை எவரும் குறைசொல்வதில்லை. கொடியவன் என்று சுட்டிக்காட்ட ஒருவனும் இல்லாத இக்கொடுமையைத் தோட்ட மக்கள் ஆண்டுதோறும் விடிய விடியப் பார்த்து அழுதனர். தஞ்சைப் பகுதியிற் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியினர் லாவணியில் வாதிடும் மரபுண்டு. மலையகத்திலோ இரதியின் அழுகையே நின்று நிலைத்தது. வாதத்துக்கும் ஓய்வு வேண்டுமல்லவா?

இதனை மிகைப்படுத்துவது தவறாகும். பொன்னர் சங்கர் கதை எமது வாய்பாட்டுக்கு எளிதில் அடங்காது. கொங்கு நாட்டு வேளாண் நிலக்கிழார் மரபினர் அதில் நாயகர். காட்டையும் வேட்டையையும் நம்பி வாழ்ந்த வேட்டுவர் பகைவர். காட்டை அழித்து ஏரோட்டியவர்களின் வெற்றிக்கதை அது. நிலமற்ற தொழிலாளர் நிலக்கிழாரின் சாவுக்குக் கண்ணீர் விடுவது முரண்பாடே. தாம் விட்டுவந்த ஊரின் சாதியமைப்பும் அதன் கதைகளும் தோட்டத்துக்கு அவர்களோடு கப்பலேறி வந்தன. அடக்கப்பட்டோரின் கலை அடக்கியோரின் கருத்துநிலையையும் சுமந்தே வருமென்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் எமது பக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். முற்போக்கு விமரிசகராகிய நாம் மலையக இலக்கியத்திற் கண்டு மகிழ்ந்த எதிர்நாயகன் ஒருவன் உளன், அவனே கங்காணி. அவனுக்கடுத்துத் துரை, கணக்கப்பிள்ளை, வட்டிக்காரர். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935) முதல் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) வரை தோட்ட வாழ்வைக் கூறிய கதைகளை நாம் பாராட்டியபொழுதெல்லாம், கொடியவன் எவ்வளவு கொடியவனாக இருக்கிறான் என்பதையே பெரிதும் அளந்தோம். நாட்டார் பாடல்கள் கங்காணியை ஏசுவதும் எமக்கு உவப்பாயிருந்தது. அவ்வேச்சு நியாயமானதே. ஆள்திரட்டியவனும் முன்பணத்தைக் கடனாகத் தலையில் ஏற்றியவனும் அவனே. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவெனத் தோட்டத்திடம் தலைக்கூலி பெற்றவனும் அவனே. ஆயினும் கடன் கணக்கைச் சுமந்து சென்ற ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்பட்டபோது, தொழிலாளியின் வறுமை அதனோடு ஒழியவில்லை. கங்காணியும் தோட்டத்துக்கும் செட்டிமாருக்கும் கடன்பட்டவனாகவே இருந்தான். தேயிலையின் விலையை அவன் தீர்மானிக்கவில்லை. அது இலண்டன் ஏலச்சந்தையிலே தீர்மானிக்கப்பட்டது. 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளியின் உயிரைக் குடித்தது பொலிசாரின் துப்பாக்கி.

முல்க் ராஜ் ஆனந்தின் அசாம் தேயிலைத் தோட்ட நாவல் 1937இல் வெளிவந்தது. அதில் வரும் உதவித்துரை ரெஜி ஹன்ற் குடியன், காமவெறியன், கொலைகாரன். அவனை வெறுப்பது எளிது. வெறுத்தபின் நூலை மூடிவிடுவதும் எளிது. ஆனால் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவிக்கும் யூரிமாரை நாவலின் இறுதியிற் கொணர்ந்தமையே ஆனந்தின் கூர்மை. அவர்களுள் ஒருவனுக்கும் வாசகர் மனத்தில் முகமில்லை.

இவ்வகையில் நாம் கருத்தியல் ரீதியாகச் சிறிதும் உடன்படவியலாத டோல்கீனிடமும் கற்க ஒன்றுண்டு. 1954–55இல் வெளிவந்த அவரது பெருங்கதையில் முதன்மைக் கொடியவனாகிய சாரோன் ஒருமுறையேனும் வாசகர் முன் நேரிற் தோன்றி நிற்பதில்லை. அவன் ஒரு கண்ணாக, அச்சமாக, கட்டளையாகவே உணரப்படுகிறான். பழைமைவாதியான அவ்வாசிரியர் எதை எண்ணி அவ்வாறு படைத்தாரோ, அது வேறு விடயம். எமக்கோ 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்திய ஆண்டின் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அச்சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் தலைவிதியைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைத்தது. கங்காணியின் பிரம்பைவிட ஆழமாக வாழ்வைக் கிழித்தவை இத்தாள்களே. பத்துத் தலையும் இருபது கையும் உடைய ஒருவனை எதிர்ப்பதற்கு வேண்டிய கற்பனை வேறு. வர்த்தமானிப் பத்திரிகையை எதிர்ப்பதற்கு வேண்டிய கற்பனை வேறு. இளஞ்செழியன் தலைமையில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்ட இளைஞரிடையே வேரூன்றியபோது முதலாவது கற்பனை தமிழகத்திலிருந்து வந்து சேர்ந்தது. 1962இல் அக்கழகத்தை அரசு தடைசெய்தது. இரண்டாவது கற்பனை மலையகத்தின் கதைகளில் ஆங்காங்கே மட்டுமே அரும்பியிருக்கிறது. அதனைத் தேடிப் பாராட்டாது, கங்காணியின் மீசையை வருணித்த கதைகளுக்குப் பரிசளித்தவர் நாமே.

2024ஆம் ஆண்டு மே மாதத்தின் இரு நிகழ்ச்சிகளை இங்குக் குறித்தல் பொருந்தும். மே 19இல் சீதா எலிய கோயிலின் கும்பாபிஷேகம் அயோத்தியின் சரயு நதியிலிருந்து கொண்டுவரப்பட்ட நீரோடு நடைபெற்றது. தோட்ட மக்களின் சிறைப்பட்ட சீதை, இராமனின் பட்டத்துக்குரிய தேவியாகவும் உல்லாசப் பயணப் பாதையின் ஒரு தரிப்பிடமாகவும் புத்துருப் பெற்றாள். அதே மாதம் முதலாந்திகதி, கொட்டகலையில் நடந்த மேதினக் கூட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாவாகும் என ஜனாதிபதி அறிவித்தார், வர்த்தமானியும் வெளியாயிற்று. தோட்டங்களின் முகாமையை 1992இல் ஏற்ற பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. உயர் நீதிமன்றம் ஜூலையில் அவ்வர்த்தமானியை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் 1,350 ரூபா என முடிவாயிற்று. கோயிலுக்கு வந்த பயணிகளுக்கு வழிகாட்டிகள் அப்பொழுதும் ஓடைப் பாறையிலுள்ள அனுமனின் அடிச்சுவட்டையும் இராவணன் வந்துபோன திசையையும் காட்டிக்கொண்டிருந்தனர்; சரிவின் மேற்புறத்திற் பெண்கள் கூடையோடு நிரையிறங்கிக் கொண்டிருந்தனர்.