மிச்சம் யாருக்குப் போகிறது? கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் தவக்காலம்: ஓர் ஆய்வு

1. களமும் காலமும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நோன்பு இல்லாத தெரு குறைவு. மார்ச் 2 அன்று பரங்கிப்பேட்டையில் ரமலான் நோன்பு தொடங்கியது. 5ஆம் தேதி கத்தோலிக்கர், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டார்கள். 12ஆம் தேதி மாசி மகம். சாமிகள் தீர்த்தவாரிக்காகத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தன. விரதம் என்றால் என்னவென்று இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட இந்தப் பகுதியில் கிறிஸ்தவ நோன்பும் ஊர் வழக்கத்தோடு ஒட்டியே வளர்ந்தது. வீரமாமுனிவர் (1680–1747) விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் மரியன்னைக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டு ஆலயம் எழுப்பினார். விருத்தாசலம் கோயிலின் அம்மனுக்கும் அதே பெயர். தவக்காலத்தில் காவி உடுப்பதும், செருப்பைத் துறப்பதும், நாற்பது நாளும் கறியைத் தொடாமல் இருப்பதும் இந்த மண்ணின் பக்தி வழக்கங்களே. இவற்றைக் கடைப்பிடித்தால் தவக்காலம் நிறைவாகிவிடுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. சட்டம் கேட்பது கொஞ்சம்

திருச்சபைச் சட்டம் கேட்பது, நம் பாட்டிகள் கடைப்பிடித்ததை விட மிகவும் குறைவு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் நோன்பு விதிகளைத் திருத்தினார். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அவற்றை ஒட்டியே அமைந்தது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள். அன்று ஒரு வேளை மட்டும் முழு உணவு. 18 வயது நிறைந்தவர்கள் 59 நிறையும் வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லோருக்கும் உண்டு. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடும் அம்மா பட்டினி கிடந்துதான் புண்ணியம் சேர்க்க வேண்டும் என்பதில்லை. தவக்காலம் திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை 46 நாள்கள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது.

3. மீன் என்னும் சிக்கல்

சுத்தபோசனம் ஆட்டையும் கோழியையும் விலக்குகிறது, மீனை விலக்கவில்லை. ஐரோப்பாவின் உள்நாட்டு ஊர்களில், இறைச்சிக்குப் பதிலாக உப்பு மீன் தின்றது எளிமைதான். கடலூரில் நிலைமை வேறு. காலையில் துறைமுகத்தில் ஏலம் முடிந்து, கூடையில் சங்கராவும் நெத்திலியுமாகத் தெருவுக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுவலும் மாங்காய் போட்ட மீன்குழம்பும் வைத்துவிட்டு, “இன்றைக்குச் சுத்தபோசனம்” என்று சொல்பவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனால் அவர் எதையும் விட்டுவிடவும் இல்லை. ஆட்டுக்கறியிலிருந்து பனீருக்குத் தாவும் சிதம்பரத்து வீட்டுக்கும் இது பொருந்தும். பனீர் பட்டர் மசாலாவில் தவத்தைத் தேடுவது வீண்.

ஆகவே எதைத் தின்னவில்லை என்பதைவிட, எவ்வளவு மிச்சமானது என்று கேட்பதே நல்ல அளவுகோல். இது புதுமை அல்ல. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘ஹெர்மாசின் மேய்ப்பர்’ என்ற நூலே இப்படி ஒரு கணக்கு சொல்கிறது: நோன்பு நாளில் உண்ணாத உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கோ அனாதைக்கோ வறியவருக்கோ கொடுக்க வேண்டும். எசாயா 58ஆம் அதிகாரமும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதையே நோன்பு என்கிறது. திருநீற்றுப் புதனின் நற்செய்தியான மத்தேயு 6இல் தருமம், செபம், நோன்பு என்ற வரிசையில் தருமமே முதலில் நிற்கிறது.

அந்தக் கணக்கை நம் அடுப்படியில் போட்டுப் பார்ப்போம். தவக்காலத்தில் பெரிய வெள்ளியோடு சேர்த்து ஏழு வெள்ளிகள். ஒவ்வொன்றிலும் குழம்பு மீனையும் மாலை பஜ்ஜியையும் விட்டு ரசமும் அப்பளமுமாக முடித்துக்கொண்டால் ஒரு வீட்டுக்கு 200 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம்; ஏழுக்கு 1,400 ரூபாய். அன்றன்றைக்கே எடுத்து உண்டியலில் போட்டுவிட வேண்டும். கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று தள்ளிவைத்தால் அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும்.

4. தடைக்காலம்

இங்கேதான் இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு வாய்ப்பு இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2025இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18. தடைக்காலத்தின் நான்காம் நாள். அன்று கத்தோலிக்கர் விரும்பி ஏற்ற ஒருசந்தி இருந்தார்கள். துறைமுகத்தில் கூலி வேலை செய்பவர்களுக்கு வருமானம் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. பதிவு பெற்ற மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் உண்டு. ஐஸ் உடைப்பவர், லோடு ஏற்றுபவர் என்று படகை நம்பிப் பிழைக்கும் எல்லோரும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. ஆகவே தடைக்காலத்தின் பெரும்பகுதி எப்போதும் உயிர்ப்பு ஞாயிறுக்கு, அதாவது பாஸ்காவுக்குப் பிறகே வரும். தவக்காலத்தில் சேர்த்த பணத்துக்கு, அந்த நாள்களில் இவர்களுக்கு உதவுவதைவிடப் பொருத்தமான செலவு எனக்குத் தெரியவில்லை. உதவி பெறுபவர்களில் பெரும்பாலோர் இந்துக்களாக இருப்பார்கள் என்று சிலர் தயங்கலாம். நல்ல சமாரியர் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் அழகல்ல.

5. செபமும் ஒப்புரவும்

செபத்தையும் ஒப்புரவையும் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டாம். வெள்ளி மாலைச் சிலுவைப்பாதைக்குப் பெண்களும் பிள்ளைகளும் வருகிறார்கள். ஆண்களில் பலர் குருத்து ஞாயிறன்றுதான் எட்டிப் பார்க்கிறார்கள். வேலைதான் காரணம் என்றால் பதினான்கு நிலைகளையும் வீட்டிலேயே, டிவியை அணைத்துவிட்டு, பிள்ளைகளை வாசிக்கவிட்டுச் செய்யலாம். பாவசங்கீர்த்தனத்தைப் புனித வாரக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்காமல் இரண்டாம் வாரத்திலேயே முடிப்பது சாமியாருக்கும் உதவி. பாகத் தகராறில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் அதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. வீட்டுச் சண்டையை வைத்துக்கொண்டு நாற்பது நாள் காவி உடுத்துவதில் பொருள் இல்லை.

6. பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள்

தவக்கால உண்டியல்களைப் பாஸ்கா முடிந்ததும் எண்ணி மூடிவிடுவது வழக்கம். கடலூர், சிதம்பரம் பங்குகள் அவற்றில் ஒரு பகுதியைத் தடைக்காலம் முடியும் ஜூன் 14 வரை திறந்தே வைத்திருக்கட்டும்.