அடைப்புக்குள் பிறந்த ‘ஆல்பா’வும் வேலி தாண்டிய ஊளையும்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு ஒரு சொல் மறுபடி மறுபடி எதிர்ப்பட்டிருக்கும். மஹ்சி வட்டாரத்துக் கிராமங்களில் ஓநாய்கள் தாக்கிக் குறைந்தது எட்டுப் பேர் இறந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். ‘ஆபரேஷன் பேடியா’ என்ற பெயரில் வனத்துறை டிரோன்களோடும் கூண்டுகளோடும் களத்தில் இறங்கியது. குழந்தைகளின் சிறுநீரில் நனைத்த பொம்மைகளைக்கூட இரையாக வைத்துப் பார்த்தார்கள். செப்டம்பர் 10 அன்று ஐந்தாவது ஓநாய் பிடிபட்டது. எஞ்சியிருந்த ஆறாவதுதான் கூட்டத்தின் ‘ஆல்பா’, நொண்டி நடக்கும் ‘சர்தார்’ என்று தொலைக்காட்சிகள் பேசின. தலைவன் சிக்கினால் படை கலையும் என்பது அந்தப் பேச்சின் உட்கிடை.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முற்றத்தில் விலங்கியல் சொல்லாராய்ச்சி நடத்துவது முறையன்று என்பதை அறிவேன். ஆனால் எந்த விலங்கைத் தேடுகிறோம், எதைப் பிடித்தால் தாக்குதல் நிற்கும் என்ற முடிவுகள் அந்தச் சொல்லைச் சுற்றியே பொதுவெளியில் பேசப்பட்டன. ஆகவே அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்வது வீண்வேலை ஆகாது.

‘ஆல்பா’ ஓநாயின் பிறப்பிடம் காடன்று. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர உயிரியல் பூங்கா. ருடால்ஃப் ஷெங்கல் அங்கே 1934 முதல் 1942 வரை ஓநாய்களைக் கூர்ந்து நோக்கினார். ஏறத்தாழ 10 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள அடைப்பு; அதற்குள் சில காலங்களில் பத்து ஓநாய்கள் வரை. 1947இல் ‘பிஹேவியர்’ என்ற ஆய்விதழின் முதல் தொகுதியில் அவருடைய நீண்ட கட்டுரை ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. காது மடங்கும் கோணம், வால் உயரும் அளவு, உதடு சுருங்கும் விதம், மூக்கோடு மூக்கு உரசும் கெஞ்சல் என்று ஓநாயின் உடல்மொழியை அவ்வளவு நுட்பமாக அதற்கு முன் யாரும் பதிந்ததில்லை. இன்றும் அந்தப் பகுதி பழுதின்றி நிற்கிறது. சிக்கல், அவர் கண்ட தரவரிசையைப் பின்வந்தோர் எப்படிப் படித்தார்கள் என்பதில்தான். 1920களின் தொடக்கத்தில் நார்வேயின் ஷெல்டெருப்-எப்பே கோழிகளிடையே எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்ற வரிசையைக் கண்டறிந்திருந்தார். விலங்குச் சமூகம் என்றாலே ஏணிப்படி என்று எண்ணிய தலைமுறை அது. பாசல் அடைப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி ஏணிகள் தென்பட்டன. உச்சியில் ஓர் இணை.

அந்த ஏணி அங்கே இருந்தது உண்மை. ஆனால் அது ஏன் இருந்தது? காட்டில் ஓநாய்க்குட்டி ஓரிரண்டு வயது கடந்ததும் பெரும்பாலும் பெற்றோரைப் பிரிந்து, துணை தேடிப் புறப்பட்டுவிடுகிறது. அடைப்பில் புறப்பட வழியில்லை. வளர்ந்த ஓநாய்கள், சில வேளைகளில் உறவற்றவை, ஒரே வேலிக்குள் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. தோற்ற விலங்கு ஓடி மறைய இருபது மீட்டருக்கு அப்பால் இடமில்லை. ஆகவே தோல்வி ஒவ்வொரு நாளும் மீண்டும் நிகழ்கிறது; அதையே நோக்கர் ‘தரம்’ என்று குறித்துக்கொள்கிறார்.

வரலாற்றின் வேடிக்கை, இதற்கு மறுப்பு முன்னரே அச்சாகிவிட்டது என்பதுதான். அலாஸ்காவின் மெக்கின்லி மலைப்பகுதியில் 1939 முதல் 1941 வரை காட்டு ஓநாய்களைப் பின்தொடர்ந்த அடோல்ஃப் மூரி, 1944இல் தம் நூலை வெளியிட்டார். அதில் வரும் கூட்டம் ஒரு குடும்பம். பெற்றோர், குட்டிகள், உடனிருந்து குட்டிகளைக் கவனிக்கும் பிற பெரிய ஓநாய்கள். ஷெங்கலின் கட்டுரைக்கு மூன்றாண்டு மூத்த நூல் அது. எனினும் பரவியது பாசலின் படிமமே. 1970இல் வந்த டேவிட் மெக்கின் ‘தி வுல்ஃப்’ என்ற பெருநூல் அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. பின்னர் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகளைக் காட்டு ஓநாய்களின் அருகிலேயே கழித்த அதே மெக், 1999இல் தாமே எழுதினார்: இயல்பான ஓநாய்க்கூட்டம் என்பது குடும்பம்; அதில் வெல்லப்பட்ட பதவி என்று ஒன்றில்லை; ‘ஆல்பா’ என்பதைவிடப் ‘பெற்றோர்’ என்பதே பொருத்தம். ஓர் அறிஞர் தம் புகழ்பெற்ற நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தாரை வற்புறுத்தியது அறிவுலகில் அடிக்கடி காணக்கூடியதன்று. ஆனால் அதற்குள் அந்தச் சொல் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளுக்கும் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டது.

இதைக் கொண்டு அடைப்பில் ஓநாய் பார்ப்பது பயனற்றது என்று முடிவுகட்டும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊளையின் வரலாறு அதற்கு நேர்மாறான கதையைச் சொல்கிறது.

ஊளை என்ற சொல்லோடு நாம் நரியையும் நாயையும் சாவையும் சேர்த்தே கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை உதறிவிட்டுக் கேட்பது எளிதன்று. வட இந்திய நகரம் ஒன்றின் உயிரியல் பூங்காவில் சில மாலைகள் ஓநாய் அடைப்பின் முன் நின்றிருக்கிறேன். பகலில் அவை வேலியோரம் ஒரே தடத்தில் நடந்து மண்ணைத் தேய்த்தபடி இருக்கும். சாலையில் ஆம்புலன்ஸின் சங்கொலி எழுந்ததும் ஒன்று நின்று, முகவாயை உயர்த்தித் தாழ்ந்த சுரத்தில் தொடங்கும். இரண்டாவது அதே சுரத்தைப் பிடிக்காமல் சற்று விலகியே சேரும். மூன்றாவது சேரும்போது நான்கு, ஐந்து குரல்கள் ஒலிப்பதாகத் தோன்றும். எத்தனை முறை எண்ணினாலும் கண்ணின் கணக்கும் காதின் கணக்கும் ஒத்துவரவில்லை. ஃபிரெட் ஹாரிங்டன் 1989இல் இதை ஆராய்ந்தார். ஒவ்வொன்றும் தன் சுரத்தை வேகமாக ஏற்றி இறக்குவதால் கூட்டு ஊளையைக் கேட்பவர் எண்ணிக்கையை மிகுத்து மதிப்பிடக்கூடும் என்பது அவர் முன்வைத்த கருத்து. கிராமத்து இரவில் இரண்டு ஓநாய்கள் பத்தாகப் பெருகுவதற்கு அச்சம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

தனி ஊளையின் கதை வேறு. கனடாவின் ஜான் தீபெர்ஜும் புரூஸ் ஃபால்ஸும் 1967இல் அடைப்பு ஓநாய்களின் ஊளைகளைப் பதிந்து அளந்தனர். அடிப்படை அதிர்வெண் 150 முதல் 780 ஹெர்ட்ஸ் வரை. நீளம் அரை நொடியிலிருந்து 11 நொடி வரை. மேலே பன்னிரண்டு வரை இசைவுச் சுரங்கள். அதைவிட முக்கியம், ஓநாய்க்கு ஓநாய் ஊளை வேறுபட்டது என்ற கண்டுபிடிப்பு. காட்டில் இருளில் எழும் குரல் யாருடையது என்று சொல்ல முடியாது. அடைப்பில் வாய் திறந்தது எந்த விலங்கு என்பது கண்முன்னே தெரியும். அந்த உறுதி இல்லாமல் குரலை ஆளோடு பொருத்தத் தொடங்கவே முடியாது.

காட்டில் செய்யவேண்டியதைக் காட்டிலேயே செய்தார்கள். அல்கொன்குயின் பூங்காவில் மனிதர் ஊளையிட்டால் ஓநாய் பதில் தரும் என்பது ஆய்வுமுறையாயிற்று. 1963 முதல் பொதுமக்களும் காரில் வந்து நின்று கேட்கலாயினர். மின்னசோட்டாவில் ஹாரிங்டனும் மெக்கும் ரேடியோ கழுத்துப்பட்டி அணிந்த கூட்டங்களை நோக்கி ஊளையிட்டுப் பார்த்தனர். அருகில் புதிய இரையோ குட்டிகளோ இருந்தால் அவை பதிலளிப்பது மிகுந்தது. ஊளை, எல்லையை அறிவிக்கும் வேலையையும் செய்கிறது.

அது உறவின் குரலும்தானா என்ற கேள்விக்கு விடை மறுபடி அடைப்பிலிருந்தே வந்தது. ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட்பிரன் ஓநாய் ஆய்வு மையத்தில் ஒன்பது ஓநாய்களை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. ஒரு நேரத்தில் ஓர் ஓநாயை மட்டும் வார்கட்டி நடைக்கு அழைத்துச் சென்றார்கள்; பின்தங்கியவை எவ்வளவு ஊளையிடுகின்றன என்று பதிந்தார்கள்; உமிழ்நீரில் கார்டிசால் அளவையும் பார்த்தார்கள். தரத்தில் உயர்ந்தது போனபோது ஊளை மிகுந்தது. நெருங்கிய தோழமை போனபோதும் மிகுந்தது. மன அழுத்தத்தின் அளவு மட்டும் அந்த மிகுதியை விளக்கவில்லை. காட்டில் யாருக்கு யார் தோழமை என்று பட்டியலிட்டு, வேண்டியபோது ஒன்றைப் பிரித்துப் பார்க்க எவராலும் இயலாது.

இந்திய ஓநாய்க்கு இது வந்து சேரத் தாமதமாயிற்று. தக்காணத்து ஓநாயைக் கர்னல் சைக்ஸ் 1831இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பின் நெடுங்காலம் நம் ஆவணங்களில் ஓநாய் தோன்றுவது சன்மானக் கணக்கில்தான். 1875க்கும் 1925க்கும் இடையே ஏறத்தாழ இரண்டு லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டுள்ளார். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காப்புப் பட்டியலில் சேர்த்தது. இன்று நாட்டில் எஞ்சியிருப்பவை சுமார் 3,100 என்பது மதிப்பீடு. புல்வெளியில், மேய்ச்சல் நிலத்தில், பெரும்பாலும் காப்புக்காடுகளுக்கு வெளியே வாழும் இவ்விலங்கைப் புலியைப் போல் கோடுகளைக் கொண்டு எண்ண வழியில்லை. குரலைக் கொண்டு எண்ணலாமா என்று சௌகத சாதுகான், ஹாலி ரூட்-கட்டரிட்ஜ், பிலால் ஹபீப் ஆகியோர் 2021இல் முயன்றனர். ஐந்து ஓநாய்களின் 49 ஊளைகளைக் கொண்டு கணினியைப் பயிற்றியபோது 98 விழுக்காடு சரியாக ஆள் அடையாளம் கண்டது. புதிய நான்கு ஓநாய்களின் 20 ஊளைகளில் 75 விழுக்காடு. இந்திய ஓநாயின் ஊளையை ஆறு கிலோமீட்டருக்கு அப்பாலும் பதிய முடியும் என்பதை நினைத்தால் இது சிறிய செய்தியன்று.

பஹ்ராயிச்சுக்கு வருவோம். அக்டோபர் தொடக்கத்தில் ஆறாவது ஓநாயைக் கிராமத்தார் அடித்துக் கொன்றதாகச் செய்தி வந்தது. ஆறும் ஒரே கூட்டமா, ஒரே குடும்பமா, தாக்கியது அவற்றுள் எது என்ற கேள்விகளைத் ‘தலைவன்’ என்ற சொல் மூடிவிட்டது. ஒரு குடும்பத்தின் பெற்றோரைப் பிடித்துவிட்டால் வேட்டைப் பழக்கமில்லாத இளசுகள் எதை நாடும் என்ற கேள்வி அந்த விவாதங்களில் எழுந்ததாகவே தெரியவில்லை. பிடிபட்டவற்றுள் சில கோரக்பூர் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவை எந்த ஊரில், எந்த நாளில் பிடிபட்டவை என்ற விவரம் அறியப்பட்ட ஓநாய்கள். அங்கும், இனிப் பிடிபடும் ஓநாய்கள் செல்லும் இடங்களிலும், அடைப்பருகே ஓர் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ஒவ்வொன்றின் ஊளையையும் பெயரிட்டுச் சேமித்தால், அடுத்த தாக்குதல் நிகழும் இடத்தில் இரவில் எழும் குரல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இத்துறையில் பணியாற்றும் மாணவர்கள் யாரேனும் அங்கிருந்தால் தொடர்பு கொள்ளுங்கள்.