சபர்மதியின் நெசவுக் கருவிகள்: ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழில் வரலாற்றை ஆராய்வோர் துணியை நோக்கும் அளவிற்கு அதனை ஆக்கிய கருவியை நோக்குவதில்லை. ஒருவன் தன் வீட்டிலிருந்து நெய்கின்றான் என்பதனால் மட்டும் அவன் சுதந்திர உற்பத்தியாளனாகி விடுவானா? அவனது நூலும் கருவியும் எங்கிருந்து வருகின்றன என்பதும் ஆராயப்படல் வேண்டும். காந்தியடிகளின் ஆசிரமத்தில் நிகழ்ந்த நெசவு முயற்சி இதற்குத் தக்க சான்றாகும்.

1909இல் எழுதிய 'இந்திய சுயராச்சியம்' என்னும் நூலில் வறுமைக்கு மருந்தெனத் தாம் குறிப்பிட்ட தறியையோ இராட்டையையோ அதுவரை கண்டதாக நினைவில்லை என அவர் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கின்றார். 1915இல் அகமதாபாத்தில் ஆசிரமம் நிறுவப்பட்டபின் முதலில் தறிகளே அங்கு இடம்பெற்றன. நெய்யக் கற்றதும் ஓர் உண்மை புலனாயிற்று. நூல் ஆலையிலிருந்தே வந்தமையால், ஆசிரமத்தார் தம்மையறியாமலே ஆலைகளின் முகவர்களாயினர்.

எனவே இராட்டையைத் தேடும் முயற்சி தொடங்கிற்று. கங்காபென் என்னும் பெண்மணி பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் அதனைக் கண்டுபிடித்தார். பல வீடுகளில் அது பயனற்ற பொருளாகப் பரண்மேற் கிடந்தது. பஞ்சுத் திரி கிடைத்தால் நூற்போம் என்றனர் அவ்வூரார். அத்திரியும் முதலில் உமர் சோபானியின் ஆலையிலிருந்தே பெறப்பட்டது! பின்னர் பஞ்சு கொட்டுவோர் ஒருவரைத் தேடிப் பிடித்து, இளைஞர்க்குத் திரி செய்யும் முறை பயிற்றப்பட்டது. மகன்லால் காந்தி இராட்டையைத் திருத்தியமைத்தார். இராட்டைகளும் அவற்றின் உறுப்புக்களும் ஆசிரமத்திலேயே செய்யப்படலாயின.

தறியிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து திரிக்கும் பின்னோக்கிச் சென்ற இப்பயணம் நோக்கற்பாலது. ஒரு கருவி தனித்து நிற்பதில்லை. சங்கிலியின் ஒரு கண்ணி பிறர் கையில் இருப்பினும் உழைப்பவன் பிறரைச் சார்ந்தவனே.

எனினும் வேறொரு சிக்கலும் எழுந்தது. 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் மேம்பட்ட இராட்டைக்கு 1 இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அது குடிசையில் இயங்கத்தக்கதாகவும், 150 ரூபாய்க்கு மேற்படாததாகவும் இருத்தல் வேண்டும் என்பன நிபந்தனைகளுட் சில. அப்பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. வேகம் மிகுந்த பொறி நுட்பம் மிகுந்ததாகும். நுட்பம் மிகுந்த பொறியோ கிராமத் தச்சனின் கைக்கு எட்டாது போகும். இம்முரண்பாடு குடிசைக் கைத்தொழில் பற்றிச் சிந்திப்போர் யாவரும் எதிர்கொள்ள வேண்டியதொன்றாகும். ஒரு கருவி எவ்வளவு நூல் தரும் என்பதுடன், அது பழுதுற்றால் அதனைச் செப்பனிடுவோர் யார் என்பதையும் வரலாற்று மாணவர் வினவுதல் வேண்டும்.