பாலூட்டக் கற்க வேண்டியவர் யார்?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் இரு சுற்றுகளை அருகருகே வைத்துப் படித்தபோது எழுந்த ஐயமே இப்பதிவு. 2015-16ஆம் ஆண்டுச் சுற்றில், இந்தியாவின் பிரசவங்களில் 78.9 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தவை. 2019-21இல் அது 88.6 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளின் பங்கு 41.6இலிருந்து 41.8 விழுக்காட்டிற்கு மட்டுமே நகர்ந்தது.

சேனை தொட்டு வைக்கும் பாட்டியையும், சீம்பாலைப் பீச்சிக் கொட்டும் வழக்கத்தையும் காரணமாகச் சுட்டுவது நமக்குப் பழகிப்போன விடை. அவ்வழக்கங்கள் பழமையானவைதாம், சுசுருத சம்ஹிதையே முதல் நாள்களுக்குத் தேனும் நெய்யும் விதிக்கிறது. எனினும், மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையை முதலில் கையில் ஏந்துபவர் பாட்டி அல்லர், செவிலியர். அவருக்கு யார், எப்போது, என்ன கற்பித்தார்கள் என்பதே வரலாற்று மாணவர்கள் கேட்க வேண்டிய வினா.

1885இல் தோன்றிய டஃபரின் நிதி பெண் மருத்துவர்களின் சேவையைப் பரப்ப முனைந்தது. 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி, நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்க முற்பட்டது. அப்பயிற்சியின் உயிர்நாடி தூய்மை. பாலூட்டலோ, வீட்டின் மூத்த பெண்களிடமிருந்து இளையவர்களுக்குக் கைமாறிவந்த அறிவாகவே விடப்பட்டது. பின்னர்ப் பிரசவம் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது அவ்வறிவு வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே நிலவியது வேறோர் ஒழுங்கு: குழந்தைக்குத் தனி அறை, கடிகாரம் பார்த்துப் பால், முதல் ஊட்டாகக் குளுக்கோஸ் நீர். (சேனையை மூடநம்பிக்கை என்றவர்கள் இந்தச் சர்க்கரை நீரைச் சிகிச்சை என்றார்கள்.)

இவ்வெற்றிடத்தை நிரப்பியது வணிகம். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றிப் புட்டிப்பால் பரப்புரையைக் கண்டித்தார். 1974இல் லண்டனில் வெளியான ‘குழந்தைக் கொலையாளி’ என்னும் அறிக்கை, செவிலியர் சீருடையில் தாய்மாரை அணுகிய விற்பனைப் பெண்களைப் பற்றிப் பேசியது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1983இல் தனக்கென ஒரு நெறிமுறையையும், 1992இல் சட்டத்தையும் இயற்றியது. 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, மருத்துவப் பணியாளருக்குப் பால்மாவு உற்பத்தியாளர் பரிசோ பணமோ வழங்குவதைத் தடுக்கிறது. அவர்தம் சங்கங்களின் கருத்தரங்கிற்கு நிதியளிப்பதும் அதில் அடங்கும். அதாவது, பணியாளருக்கு யார் கற்பிக்கக் கூடாது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. யார் கற்பிப்பது என்பது வேறு கேள்வி.

அதற்கான தொடக்கம் 1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வெளியிட்ட கூட்டறிக்கை. அதன் பத்துப் படிகளில் இரண்டாவது, பணியாளர் அனைவருக்கும் பயிற்சி அளித்தல். இதனடிப்படையில் 1991இல் குழந்தைநேய மருத்துவமனை இயக்கம் உருவாயிற்று. பதினெட்டு மணி நேரப் பயிற்சி, அதில் மூன்று மணி நேரமேனும் மேற்பார்வையுடன் கூடிய செய்முறை என்று அளவு வகுக்கப்பட்டது. 1993இல் நாற்பது மணி நேர ஆலோசனைப் பாடத்திட்டமும் வந்தது.

இப்பாடத்திட்டத்தை மருத்துவக் கல்வியின் வரலாற்றாசிரியர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். பொம்மையையும் துணியால் செய்த மார்பக மாதிரியையும் வைத்து நடப்பது அது. குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கிறதா, மோவாய் மார்பைத் தொடுகிறதா என்று பார்க்கப் பயிற்றுவிக்கிறது. ஆனால் அது இவற்றோடு நின்றுவிடுவதில்லை, செவிமடுத்தலையும் கற்பிக்கிறது. ‘ஒழுங்காகப் பால் குடிக்கிறதா?’ என்று கேட்காதே, ‘எப்படிக் குடிக்கிறது?’ என்று கேள் என்கிறது. பால் போதவில்லை என்று தாய் சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டா, புட்டியை நீட்டவும் வேண்டா. குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, மாதம் 500 கிராமாவது எடை கூடுகிறதா என்று பார். ஆணையிட்டே பழகிய பிரசவ அறைக்கு இந்த மொழி எவ்வளவு அந்நியமானது என்பதை, அங்கே ஒருநாள் அமர்ந்திருந்தவர் அறிவர்.

இந்தியாவில் இவ்வியக்கத்தின் வேகம் 1990களின் இறுதியில் தளர்ந்தது. என் கணிப்பில், பயிற்சி ஒரு சான்றிதழாகச் சுவரில் தொங்கியதும், பயின்ற செவிலியர் பணிமாற்றம் பெற்றதும் இதற்குக் காரணங்கள். அவ்வேளையில்தான், 2005இல், ஜனனி சுரக்ஷா திட்டம் உதவித்தொகை வழங்கிப் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்தது. கட்டில்கள் நிறைந்தன, கற்றவர் குறைந்தனர். 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மா’ திட்டம் ஆஷா பணியாளர் முதல் மருத்துவர் வரை மீண்டும் பயிற்சியைக் கையிலெடுத்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் பெறும் குழந்தைகளின் பங்கு 54.9இலிருந்து 63.7 விழுக்காடாக உயர்ந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. அம்மாதங்கள் பெரும்பாலும் வீட்டில் கழிபவை. அசையாமல் நிற்பது முதல் மணி நேரம்தான், அதாவது மருத்துவமனையின் மணி நேரம். அதே காலத்தில் அறுவைப் பிரசவம் 17.2இலிருந்து 21.5 விழுக்காடாயிற்று, தனியார் நிலையங்களில் ஏறத்தாழப் பாதி.

2018இல் உலக சுகாதார நிறுவனம் பத்துப் படிகளைத் திருத்தியது. ‘பயிற்சி அளித்தல்’ என்றிருந்த இரண்டாம் படி, பணியாளரிடம் போதிய அறிவும் ஆற்றலும் திறனும் இருப்பதை உறுதிசெய்தல் என மாறியது. மணிக்கணக்கை வருகைப் பதிவேட்டில் காட்டிவிடலாம். திறனைத் தாயின் அருகில் நின்று பார்த்தால்தான் அறிய முடியும். தையல் வலியோடு கிடப்பவளிடம் நள்ளிரவில் குழந்தையைக் கொண்டுவந்து மார்பில் வைக்க அன்றைய இரவுப் பணியில் எத்தனை செவிலியர் இருந்தனர் என்பதைப் பணிமுறைப் பட்டியல்கள் சொல்லும். அவற்றை ஆவணமாகக் கருதி ஆராய முன்வரும் மாணவர்கள் எழுதுக, சேர்ந்து படிக்கலாம்.