எட்டுக் கோப்பைத் தேநீர்

சுவைச் சோதனையின் நம்பகம் நாக்கைவிடக் கோப்பைகளை அடுக்கும் முறையில்தான் இருக்கிறது. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், பாசி ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைக் குடித்தே சொல்லிவிட முடியும் என்றார். அங்கே பணியாற்றிய புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர், 1935இல் வெளியான தம் நூலில் இதையே மாதிரிச் சோதனையாக்கினார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசையோ குலுக்கல் முறையில். எட்டிலிருந்து நான்கைப் பிரிக்க 70 வழிகள் உண்டு. ஆகவே குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்புதான்.

நான்கில் ஒன்று தவறினால் திறமையே இல்லை என்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்றோ அதற்கு மேலோ வெறும் ஊகத்திலேயே சரியாக அமைய 70இல் 17 வாய்ப்பு இருப்பதால், அந்த முடிவை நம்ப இயலாது. அது திறமையின்மைக்குச் சான்றல்ல, சான்றின் போதாமை. கோப்பைகளைப் பன்னிரண்டாக்கினால் வழிகள் 924 ஆகும். ஒரு பிழையைப் பொறுக்கவும் இடம் கிடைக்கும். ஒருவர் நாக்கு ஊருக்கெல்லாம் பொருந்தாது என்பதும் உண்மையே. 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் மதுவடிப்பாலையில் உருவான முக்கோணச் சோதனையிலோ, மூன்று கோப்பைகளில் வேறானதைப் பலரிடம் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அங்கும் ஊகத்துக்குரிய மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் வேறுபாடு ஏற்கப்படும்.