வில்லிபுத்தூரார்

வியாச மகரிஷியின் மகாபாரதத்தைத் தமிழ் விருத்தங்களிற் பாடி, கற்றோர் சபைக்கும் கோயில் முற்றத்துக்கும் ஒருசேர உரிமையாக்கிய வைணவக் கவிஞர். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 15ஆம் நூற்றாண்டிலோ வாழ்ந்தவர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரிற் பிறந்த இவருக்கு, தந்தையார் வீரராகவாசாரியார் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரிடம் கொண்டிருந்த பக்தியினால் இப்பெயர் இடப்பட்டதென்பர். வக்கபாகையை ஆண்ட வரபதியாட்கொண்டான் இவரை ஆதரித்த பிரபு.

பாரதத்தைத் தமிழிற் பாடியவர்களுள் இவர் முதல்வரல்லர். 9ஆம் நூற்றாண்டில், தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலத்துப் பெருந்தேவனார், உரைநடை விரவிய வெண்பாக்களால் இயற்றிய பாரதத்தின் சில பருவங்களே இன்று எஞ்சியுள்ளன. தமிழுக்கு வெளியேயும், மாதவ கந்தலி என்னும் கவிஞர் அசாமியத்தில் இராமாயணத்தைப் பாடியது 14ஆம் நூற்றாண்டிலேயே. பாரத தேசமெங்கும் இதிகாசங்கள் அவ்வந்நாட்டுப் பாஷைகளிற் புத்துயிர் பெற்ற அப்பெரும் இயக்கத்திலே தமிழகத்தின் பங்காக விளங்குவது வில்லி பாரதம்.

ஆதி முதல் சௌப்திகம் ஈறாகப் பத்துப் பருவங்களும், 4,300க்கு மேற்பட்ட செய்யுட்களும் கொண்ட இந்நூல் மூலத்தை மிகச் சுருக்கியது. எனினும் உள்ளம் தோய்ந்த இடங்களில் கவிஞர் தயங்காது விரித்துரைக்கிறார். பாணங்கள் தைத்துத் தேர்த்தட்டில் விழுந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணபிரான் வேதியர் வடிவிற் சென்று, அவன் ஈட்டிய புண்ணியம் அனைத்தையும் யாசிக்க, அவன் நீருக்குப் பதிலாகத் தன் குருதியையே வார்த்து அதனைத் தத்தம் செய்து, வரம் கேள் என்றபோதும், எப்பிறப்பிலும் இரப்போர்க்கு இல்லையென்னாத மனம் ஒன்றையே வேண்டும் அக்கட்டம், வியாச பாரதத்திற் காணப்படாதது; தமிழர் நெஞ்சிலே கர்ணனுக்கு நிலையான இடம் தந்தது அதுவேயாம்.

வடசொற்களைத் தாராளமாக ஆண்டு, துள்ளும் சந்தத்திற் பாடிய இவர் நடை, செவிக்கென்றே அமைந்தது. பூந்தமல்லி, ஆவடிப் பக்கங்களும் அடங்கிய தொண்டை மண்டலத்தில், திரௌபதி அம்மன் உற்சவங்களிற் பகலிற் பாரதப் பிரசங்கியார் இச்செய்யுட்களை இசையோடு பாடிப் பொருள் விரிப்பதும், அக்கதையே இரவிற் கூத்தாக ஆடப்படுவதும், அர்ச்சுனன் தவத்தைக் காட்டும் தபசு மரம் ஏறுதலும், துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளமும் கடந்து தீமிதியோடு விழா நிறைவுறுவதும் வழிவழி வந்த வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் இம்மண்டலத்து நல்லாப்பிள்ளை, வில்லியின் செய்யுட்களையும் சேர்த்துக்கொண்டு, பதினெட்டுப் பருவங்களும் நிரம்பிய பெருநூலைச் செய்தார். பிற்காலத்தில் வை. மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் எழுதிய விரிவுரை இந்நூலை மாணவர்க்கு எளிதாக்கிற்று.

அவ்வுரையின் துணையோடு பொருளுணர்ந்தபின், வாய்விட்டுப் பாடுவதே இக்காவியத்தைக் கற்கும் முறையாகும். பாமரரும் இதனை நூற்றாண்டுகளாகத் தம் நூலென்று போற்றி வந்ததற்குக் காரணம் அப்பொழுதே நன்கு புலப்படும்.